ஒரு நோட்டு, நாலு பத்தி, மூன்று மொழி

"எனக்குக் காபி பிடிக்கும்." இதை ஆங்கிலத்தில் சொல்லப் போனால் 'நான்' முன்னால் வந்து நின்றுகொள்ளும், காபி பின்னால் போய்விடும். ஸ்பானிஷில் "மே குஸ்தா எல் கஃபே". 'மே' என்றால் எனக்கு. வாக்கியத்தின் எழுவாய் காபிதான். நான் ஒரு 'க்கு' போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிறேன். ஜெர்மனில் "மீர் ஷ்மெக்ட் டேர் காஃபே": எனக்கு ருசிக்கிறது காபி. ஜப்பானியத்தில் "கோஹீ கா சுகி தெஸ்": எழுவாயைக் காட்டும் 'கா' அங்கேயும் காபியோடுதான் ஒட்டுகிறது.

இது என் கண்ணில் பட ஒன்றரை வருஷம் ஆனது. அதுவரை மூன்று மொழியையும் ஆங்கிலத்தில் எழுதிய பாடப்புத்தகம் வழியாகவே படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகங்கள் இந்த வாக்கியத்தைத் தனிப் பெட்டி கட்டி, "கவனம், இது வித்தியாசமானது" என்று மிரட்டின. நமக்கு இதில் என்ன வித்தியாசம்? தினமும் இப்படித்தானே பேசுகிறோம்.

ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மொழி தொடங்க நினைப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: தமிழை நடுவில் வையுங்கள். ஆங்கிலம் பாடப்புத்தகத்தைப் படிக்க உதவட்டும். ஒப்பிட்டுப் பார்ப்பது தமிழோடு இருக்கட்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாலு மாதத்தில் விசாவுக்கோ வேலைக்கோ ஒரு மொழித் தேர்வு எழுத வேண்டியிருந்தால், இந்த வழி வேண்டாம். அந்த ஒரு மொழியை மட்டும் படியுங்கள். இது அவசரம் இல்லாதவர்களுக்கான வழி. நாளுக்கு முக்கால் மணி நேரம் கொடுத்து ஒரு வருஷம் விடாமல் செய்தால், மூன்று மொழியிலும் அடிப்படை இலக்கணமும், மறந்தது போக மொழிக்கு அறுநூறு எழுநூறு சொல்லும் கைக்கு வரும். கடைசிப் பத்தியில் சரளமாக உரையாடலாம் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை.

எந்த மொழிகள்?

அண்ணன் தம்பி மொழிகளை ஒன்றாகத் தொடங்காதீர்கள். நான் செய்த முதல் தப்பு அதுதான். ஸ்பானிஷும் இத்தாலியனும் பாதிக்குப் பாதி ஒன்றுபோல இருக்கின்றன, ஒன்றைப் படித்தால் இன்னொன்று இலவசம் என்று கணக்குப் போட்டேன். இரண்டாவது மாதம் இத்தாலியனில் வெண்ணெய்க்கு 'புர்ரோ' என்று படித்தேன். அதே 'புர்ரோ' ஸ்பானிஷில் கழுதை. 'சலீரே' இத்தாலியனில் ஏறுவது, 'சலீர்' ஸ்பானிஷில் வெளியே கிளம்புவது. இப்படி ஒன்றா இரண்டா? எது எந்த மொழி என்பதே மறந்துபோய், இரண்டையும் சேர்த்து ஊருக்கே இல்லாத ஒரு மூன்றாவது மொழி பேச ஆரம்பித்தேன். இத்தாலியனை மூட்டை கட்டினேன்.

தூரத்து மொழிகளைச் சேர்த்துப் படிப்பதே சுலபம். ஜப்பானியம், ஸ்பானிஷ், ஜெர்மன் என்பது என் கூட்டணி. இந்தக் கட்டுரையும் அதை வைத்துத்தான் போகிறது. உங்களுக்குக் கொரியனும் பிரெஞ்சும் ரஷ்யனும் பிடித்திருந்தால் அதுவும் சரி. ஸ்பானிஷோடு போர்ச்சுகீசு, டச்சோடு ஜெர்மன் என்று மட்டும் போகாதீர்கள்.

ஒரே நாளில் தொடங்க வேண்டாம்

மூன்றையும் சேர்த்துப் படிப்பது வேறு, மூன்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்குவது வேறு. ஒரு மொழிக்கும் அடுத்த மொழிக்கும் நடுவே ஆறு வாரமாவது விடுங்கள். புது எழுத்து உள்ள மொழியை முதலில் எடுங்கள். ஜப்பானியத்தில் ஹிரகானா 46, கதகானா 46 எழுத்துகள். நிதானமாகப் போனால் ஒரு மாதம் பிடிக்கும். அந்த வேலை ஓடும்போது வேறு இலக்கணம் எதுவும் தலையில் ஏற வேண்டியதில்லை. கன்ஜி (நம் கஞ்சி இல்லை, சீன எழுத்து) அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வரட்டும். ஏழாவது வாரம் ஸ்பானிஷ். பெயர்ச்சொல்லுக்குப் பால், நான்கு வேற்றுமை என்று சுமை அதிகமான ஜெர்மன் கடைசியாக.

எழுத்தும் ஒலியும்

ஹிரகானா வரிசையைப் பார்த்ததும் ஒரு தமிழ்க் குழந்தைக்குக்கூட ஏதோ தெரிந்த முகம் போல இருக்கும். உயிர் அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த 'ஹ' வரிசை பழங்காலத்தில் 'ப' ஒலியாக இருந்தது. இப்போது திரும்பப் படியுங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நம் அரிச்சுவடி வரிசையேதான். ஜப்பானில் பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்துகளைப் படித்த காலத்தில் வந்த வரிசை அது. வரிசையின் கடைசி எழுத்து 'ன்' என்பது மட்டும் தற்செயல், ஆனாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

குறில், நெடில் நமக்குப் பிறந்தபோதே வந்தது. ஜப்பானியத்தில் 'ஒபசான்' அத்தை அல்லது சித்தி. 'ஒபாசான்' என்று நீட்டினால் பாட்டி. 'கிதெ' என்றால் வந்து, 'கித்தெ' என்று ஒற்று அழுத்தினால் தபால் தலை. ஜெர்மனில் 'ஷ்டாட்' என்று நீட்டினால் அரசு, 'ஷ்டட்' என்று குறுக்கினால் நகரம். ஸ்பானிஷில் நீளத்தால் பொருள் மாறாது, அழுத்தம் எங்கே விழுகிறது என்பதுதான் கணக்கு: 'ஆப்லோ' என்று முதல் அசையை அழுத்தினால் நான் பேசுகிறேன், கடைசி அசையை அழுத்தினால் அவர் பேசினார். ஸ்பானிஷில் 'ஆனால்' என்பதற்கும் 'நாய்' என்பதற்கும் நடுவே இருப்பது ஒரு 'ர', 'ற' வித்தியாசம்தான். அந்த வித்தியாசத்தைப் பேச்சில் இன்னும் விடாத ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். எஸ்பாஞா என்று சொல்லும்போது வரும் 'ஞ'வுக்கும் பயிற்சி தேவையில்லை.

ஜெர்மனில் இரண்டு உயிர் புதிது. 'ஈ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள், ஒன்று வந்துவிடும். 'ஏ' சொல்லிக்கொண்டே உதட்டை 'ஓ'வுக்குக் குவித்தால் மற்றது. கண்ணாடி முன் நின்று செய்யுங்கள், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

ஒரு எச்சரிக்கை. இங்கே நான் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது உங்கள் வசதிக்காக. உங்கள் நோட்டில் அப்படி எழுதாதீர்கள். நம் 'க' ஒன்றே இரண்டு ஒலிக்கு நிற்கும். ஜப்பானியத்தில் சாவிக்கும் பெர்சிமன் பழத்துக்கும் அந்த இரண்டு 'க'தான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டும் 'ககி'. பூட்டில் பழத்தைச் சொருக வேண்டியதுதான்.

நோட்டுப் புத்தகம்

நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். திறந்த இரண்டு பக்கத்திலும் சேர்த்து, மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நாலு பத்தி. இடது ஓரத்தில் தமிழ், பிறகு மூன்று மொழி. மொழிக்கு ஒரு மை நிறம். கடைசிவரை அந்த நிறத்தை மாற்றக் கூடாது. தமிழ்ப் பத்தியில் இருபது வாக்கியம் எழுதுங்கள். ஒவ்வொன்றும் இலக்கணத்தில் ஏதாவது ஒரு கதவைத் திறக்கிற மாதிரி இருக்கட்டும். என் பட்டியலில் இருந்து கொஞ்சம்:

- இது என்ன?
- அவர் டாக்டர்.
- அவர் வீட்டில் இருக்கிறார்.
- எனக்குக் காபி பிடிக்கும்.
- எனக்குத் தெரியாது.
- நாளை சென்னைக்குப் போகிறேன்.
- தம்பிக்குப் புத்தகம் கொடுத்தேன்.
- மழை பெய்ததால் வரவில்லை.
- சாப்பிட்டுப் பார்க்கிறேன்.
- அவர் வருவார் என்று சொன்னார்.
- கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்.

மற்ற பத்திகள் காலியாகவே இருக்கட்டும். பாடத்தில் அந்த இலக்கணம் வரும்போது நீங்களே நிரப்புங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு முதல் நாளே எல்லாவற்றையும் நிரப்பினால் நோட்டு அழகாக இருக்கும், தலையில் ஒன்றும் இருக்காது. நிரப்பியது சரியா என்று சரிபார்க்க வேண்டுமானால் செயலியைப் பயன்படுத்துங்கள்.

ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம்

தம்பிக்குப் புத்தகம் கொடுத்தேன்.

ஜப்பானியம்: "ஒதோதோ நி ஹோன் ஒ அகெமாஷ்தா." ஒதோதோ தம்பி, நி 'க்கு', ஹோன் புத்தகம், ஒ 'ஐ', கடைசியில் கொடுத்தேன். ஒரு சொல் இடம் மாறவில்லை. உருபு சொல்லுக்குப் பின்னால், வினை கடைசியில். 'நான்' சொல்ல வேண்டியதுகூட இல்லை. அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று வைத்திருப்பதிலும் நம்மைப் போலத்தான். மற்ற இரண்டு மொழிக்கும் ஆண் உடன்பிறப்புக்கு ஒரே சொல். அண்ணனா தம்பியா என்று தனியாகச் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

ஜெர்மன்: "இஷ் ஹாபெ மைனெம் ப்ரூடர் டாஸ் பூஹ் கெகேபென்." 'க்கு' எங்கே என்று தேடுங்கள். ப்ரூடர் என்ற பெயர் அப்படியே இருக்கிறது. அதற்கு முன்னால் நிற்கும் 'என்' என்ற சொல்லின் வாலில், 'மைனெம்' என்பதன் 'எம்'மில், 'க்கு' ஒளிந்திருக்கிறது. ஜெர்மனின் வேற்றுமை பெரும்பாலும் பெயரில் தெரியாது, அதன் முன்னால் வரும் சின்னச் சொல்லில் தெரியும். இந்த ஒன்று புரிந்துவிட்டால் 'டேர், டெம், டென்' பட்டியல் பாதி பயம் போய்விடும். நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு நாலு. பயப்பட வேண்டியது யார்? கொடுத்தேன் என்பதும் இரண்டாக உடைந்து, துணைவினை இரண்டாம் இடத்திலும் உண்மையான வினை கடைசியிலும் போய் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

ஸ்பானிஷ்: "லே தி எல் லிப்ரோ அ மி எர்மானோ." இதை அப்படியே தமிழில் போட்டால்: அவனுக்குக் கொடுத்தேன் புத்தகத்தை, என் தம்பிக்கு. பேச்சுத் தமிழில் நாம் அவசரத்தில் சொல்வது போலவே இருக்கிறது, இல்லையா? 'தி' என்ற ஒற்றை அசைக்குள் கொடுத்தேன் என்பதும் நான் என்பதும் இருக்கின்றன. வந்தேன், வந்தாய், வந்தான் என்று வினையிலேயே ஆளைக் காட்டும் நமக்கு ஸ்பானிஷ் வினைத்திரிபு விசித்திரமாகத் தெரியக் கூடாது. ஜப்பானியத்தில் மாறாக, நான் கொடுத்தாலும் நீ கொடுத்தாலும் வினை ஒன்றுதான்.

இப்படி ஒரு வரியை மூன்று பக்கமும் புரட்டிப் பார்ப்பதற்கு இருபது நிமிஷம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலை இதற்கு நல்ல நேரம்.

தமிழ் கை கொடுக்கும் இடங்கள், காலை வாரும் இடங்கள்

ஸ்பானிஷ் படிப்பவர்களை அழவைக்கும் விஷயம் 'ஸேர்', 'எஸ்தார்' என்ற இரண்டு வினைகள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைதான், அதனால் குழப்பம். தமிழில் பாருங்கள்: "அவர் டாக்டர்" என்பதில் வினையே இல்லை. "அவர் வீட்டில் இருக்கிறார்" என்பதில் 'இரு' வருகிறது. முதலாவது ஸேர், இரண்டாவது எஸ்தார். ஜப்பானியத்திலும் முதலாவதற்கு 'தெஸ்', இரண்டாவதற்கு 'இமாஸ்'. களைப்பாக இருக்கிறேன் என்பதும் எஸ்தார்தான். ஆனால் இந்தச் சூத்திரம் எல்லா இடத்திலும் செல்லாது. "அவள் உயரமாக இருக்கிறாள்" என்பதற்கு 'இரு' இருக்கிறதே என்று எஸ்தார் போட்டால் தப்பு. உயரம் ஆளின் இயல்பு, அதற்கு ஸேர். எழுபது சதம் உதவும் சூத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (என் அனுபவக் கணக்கு, யாரும் அளந்ததில்லை).

ஜப்பானியத்தில் இன்னும் நெருக்கம். "தபெதெ மிமாஸ்" என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன். 'மிரு' என்பது பார் என்ற அதே வினை. ருசி பார்க்கக் கண்ணை எதற்கு இழுக்கிறார்கள் என்று ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் குழம்பலாம், நாம் குழம்ப மாட்டோம். 'என்று' என்பதற்கு 'தோ'. இது, அது, எது என்பதற்கு 'கொரெ', 'அரெ', 'தொரெ'. நடுவில் 'சொரெ' என்று ஒன்று வரும், கேட்பவர் பக்கத்தில் இருக்கும் பொருளைச் சுட்ட. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அவர்கள் இன்றும் சொல்லும் 'உது' அதுதான்.

இதையெல்லாம் பார்த்துத்தான் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வாக்கியம் அமைக்க உதவுகிறது, எனக்கு அது போதும்.

கால் வாரும் இடம் பெயர்ச்சொல்லின் பால். நமக்கு உயர்திணை, அஃறிணை தெளிவு. ஸ்பானிஷில் மேசை ஏன் பெண்? ஜெர்மனில் சூரியன் பெண்பால், நிலா ஆண்பால். ஸ்பானிஷில் நேர் எதிர். ஜெர்மனில் சிறுமி என்ற சொல் அஃறிணை மாதிரி 'டாஸ்' வகையில் போகும். 'ஷென்' என்ற குறுமை விகுதியில் முடிவதெல்லாம் அப்படித்தான். இதற்கு யோசித்துப் பயனில்லை. சொல்லைத் தனியாகப் படிக்காமல் முன்னால் வரும் சின்னச் சொல்லோடு சேர்த்தே படியுங்கள். சூரியனுக்கு 'சொன்னெ' அல்ல, 'டீ சொன்னெ'. ஜெர்மனில் 'உங்', 'ஹைட்', 'கைட்' என்று முடிபவை பெண்பால் என்ற விதியை மட்டும் நம்பிப் பிடித்துக்கொள்ளலாம்.

நீ, நீங்கள் வித்தியாசம் மூன்றிலும் ஏதோ ஒரு வடிவில் உண்டு. சந்தேகம் என்றால் 'நீங்கள்' என்றே போடுங்கள்.

சொற்கள்

மொழிக்கு நாளுக்கு ஐந்து புதுச் சொல். குறைவாகத் தோன்றும். மூன்று மொழிக்குப் பதினைந்து ஆகிறது, பழையதைத் திரும்பப் பார்க்கும் சுமையும் சேரும். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் எழுதிய அட்டைகள் சில வாரத்தில் நாளுக்கு நூறுக்கு மேல் வரிசையில் நிற்கும். முதல் உற்சாகத்தில் இருபது இருபதாகப் போட்டவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். நானும் விழுந்தேன்.

அட்டைக்கு ஆன்கி என்ற செயலி போதும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். பெயரே ஜப்பானியத்தில் மனப்பாடம் என்று பொருள். திரை வேண்டாம் என்றால் அட்டைப் பெட்டி முறை இருக்கிறது, 1972இல் செபாஸ்டியன் லைட்னர் பரப்பியது: ஐந்து பெட்டி, சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தப்பானது முதல் பெட்டிக்கே திரும்பும், பின் பெட்டிகளைத் திறக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். மொழிக்குத் தனித்தனிக் கட்டு வையுங்கள், கலக்க வேண்டாம்.

ஏற்கனவே தெரிந்த சொற்களை முதலில் அறுவடை செய்யுங்கள். போர்ச்சுகீசியர் நம்மிடம் விட்டுப்போன சொற்கள் ஸ்பானிஷுக்கும் சொந்தம்: மேசை அங்கே 'மெஸா', அலமாரி 'அர்மாரியோ', துவாலை 'தோவாய்யா'. ரொட்டிக்கு இலங்கையில் பாண், ஸ்பானிஷில் 'பான்', ஜப்பானியத்திலும் 'பன்'. ஜப்பானிய மாணவர்களின் பகுதிநேர வேலைக்கு 'அருபைத்தோ' என்று பெயர். அது ஜெர்மனின் 'ஆர்பைட்', வேலை. கட்டுமரம் மூன்று மொழிக்கும் போயிருக்கிறது, கறியும்தான்.

எண்களை மட்டும் தனியாகப் பயிற்சி செய்யுங்கள். ஜப்பானியத்தில் இருபது 'நி ஜூ', இரண்டு பத்து, நம் இருபது போலவே. ஜெர்மனில் இருபத்தொன்றை ஒன்றும்-இருபதும் என்று தலைகீழாகச் சொல்வார்கள். போன் நம்பரை இரண்டிரண்டாகச் சொன்னால் கை ஒரு நொடி காத்திருக்க வேண்டும்.

வாரக் கணக்கு

காலையில் பதினைந்து நிமிஷம் மூன்று மொழியின் அட்டைகளும். மாலையில் அரை மணி நேரம் ஒரு மொழிப் பாடம் மட்டும்: திங்கள், வியாழன் ஜப்பானியம், செவ்வாய், வெள்ளி ஜெர்மன், புதன், சனி ஸ்பானிஷ், ஞாயிறு நோட்டு. ஒரு நாள் தவறினால் விட்ட பாடத்தைத் துரத்தாதீர்கள், அன்றைய மொழிக்குப் போங்கள். முடிந்தால் மொழிக்கு ஒரு இடம் வையுங்கள். எனக்கு ஜப்பானியம் பஸ்ஸில், ஜெர்மன் சாப்பாட்டு மேசையில், ஸ்பானிஷ் மொட்டை மாடியில்.

கலந்துபோனால்

கலக்கும். ஜெர்மன் வகுப்பில் ஆசிரியை ஏதோ கேட்டார், ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வந்தது "ஹாய்". ஜப்பானியத்தில் ஆமாம். அவர் முதலில் நான் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்து அவரும் ஹாய் என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, ஜெர்மனில் அது சுறாமீன் என்றார்.

வெளிநாட்டுச் சொல் ஒன்றைத் தேடும்போது மூளை தமிழைத் தராமல் இன்னொரு வெளிநாட்டு மொழியைத்தான் நீட்டும். பெரிய சொற்களில் இது குறைவு. ஆமாம், இல்லை, ஆனால், உடைய போன்ற பொடிச் சொற்களில்தான் அடிக்கடி. ஜப்பானியத்தில் 'நோ' என்றால் 'உடைய', ஸ்பானிஷில் அதற்கு 'இல்லை' என்று பொருள். ஆகவே இந்தப் பொடிச் சொற்கள் முப்பதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு பத்தியாக எழுதி, பாடம் தொடங்கும் முன் அன்றைய மொழியின் பத்தியை மட்டும் சத்தமாக ஒருமுறை வாசியுங்கள். ஒரு நிமிஷம்தான் ஆகும்.

எங்கே நிற்கிறோம் என்று பார்க்கத் தேர்வுகள் உண்டு. ஆரம்ப நிலைத் தேர்வுக்கு ஜெர்மனிலும் ஸ்பானிஷிலும் ஏ1 என்று பெயர், ஜப்பானியத்தில் என்5. ஜெர்மன் தேர்வை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் ஏ1 சொற்பட்டியல் சுமார் 650 சொற்கள். இலவசமாகக் கிடைக்கிறது, தேர்வு எழுதாவிட்டாலும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியத் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், அதில் பேச்சுத் தேர்வு கிடையாது. அதனால் என்5 வாங்கியும் வாய் திறக்காதவர்கள் நிறைய. நோட்டை வாசிக்கும்போது சத்தமாக வாசியுங்கள் என்று சொல்வது அதற்குத்தான்.

நாலாவது மொழி எப்போது என்று கேட்பீர்கள். மூன்றில் ஒன்றில் கடந்த காலத்தைத் தடுமாறாமல் சொல்ல வந்த பிறகு. நான் இத்தாலியனை மறுபடி எடுத்தது பதினான்கு மாதம் கழித்து. இந்த முறை நோட்டில் ஸ்பானிஷ் பத்தியை ஒட்டியே ஐந்தாவது பத்தி போட்டு, 'புர்ரோ'வுக்கு நேரே ஒரு பக்கம் கழுதையும் ஒரு பக்கம் வெண்ணெயும் வரைந்து வைத்தேன். வெண்ணெய் கொஞ்சம் செங்கல் மாதிரி இருக்கிறது, கழுதை நன்றாகவே வந்திருக்கிறது.